தப்பொலி கேட்கும் மலைகள்

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளைக்கு இருப்புப் பாதை 1924ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தூரம் மலையேறியும் மலையிறங்கியும் வரும் அப்பாதை இந்நகரோடு முடிவடைகின்றது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலம், நிலையத்தைச் சுற்றி வந்து அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துள் நுழையும் தெமோதரை வளையம், நகருக்கு அண்மையில் 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்தை அருவி, பழம்பெருமை வாய்ந்த முத்தியங்கணை விகாரை ஆகியவற்றையெல்லாம் கண்டு களித்தவர்கள் பலர். அவற்றைப் பற்றி எழுதியவர்களும் பலர். இவை யாவும் கண்ணுக்கு விருந்து. ஊவா மலைகளிலே செவிக்கும் ஒரு விருந்து உண்டு. அதனை நாடி வரும் பயணிகள் மிகச் சிலரே. அவ்விருந்துதான் தோட்டத்துத் தப்பு.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஸ்பிரிங்வெளி, தெமோதரை, ஹாலிஎல, அப்பால் அப்புத்தளை என்று நமுனுகுல மலையைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அத்தோட்டத்து லயங்களில் பிறந்தவர் எவரும் தப்பொலியை அறியாமல் வளர்ந்திருக்க முடியாது. வட்டமான மரச்சட்டத்தின் ஒரு புறத்தில் தோலை இழுத்துக் கட்டினால் அதுவே தப்பு. தமிழகத்தில் பறை என்று வழங்குவதும் இதுவே. ஒரு கையில் தடித்த சிறு கோலும் மறு கையில் நீண்டு மெலிந்த மூங்கிற் சிம்பும் கொண்டு அதனை முழக்குவர். தடித்த கோல் அதிர்வைக் கொடுக்கும். மெல்லிய சிம்பு அந்த அதிர்வின் இடைவெளிகளைத் துடிப்பால் நிரப்பும். மலைக் குளிரிலும் பனி ஈரத்திலும் தோல் தளர்ந்துவிடும் ஆதலால், சருகும் சுள்ளியும் கூட்டித் தீ மூட்டி, அந்தச் சூட்டிலே தப்பை வாட்டி எடுப்பார்கள். தோல் முறுகி, விரலால் தட்டியதும் கணீரென்று ஒலிக்கும்வரை கலைஞர் காத்திருப்பர். உண்மையான ரசிகனோ அந்தத் தீயைச் சுற்றியே முதலில் வந்து நிற்பான். அவனுக்குக் கச்சேரி அங்கேயே தொடங்கிவிடுகின்றது.

தப்பு இம்மலைகளில் வாழ்ந்த வாழ்க்கை ஒன்றன்று, இரண்டு. முதலாவது வாழ்க்கை தோட்ட நிருவாகத்துக்கு உரியது. விடியற்காலையில் லயத்தை எழுப்பி, தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைப்பதற்குத் தப்படிக்கப்பட்டது. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் இயற்றி 1954இல் நூலாக வந்த தேயிலைத் தோட்டக் கவிதையும் வைகறையின் தப்பொலியோடுதான் தொடங்குகின்றது. பனியில் நடுங்கிக்கொண்டு கூடையைத் தூக்கியவர்களுக்கு அவ்வொலி இனித்திருக்குமா? காலப்போக்கில் அந்த வேலையை மணியும் சங்கும் ஏற்றுக்கொண்டன.

இரண்டாவது வாழ்க்கை மக்களுக்கு உரியது. பகலில் துரைக்காக முழங்கிய அதே தோல், இரவில் மாரியம்மனுக்காகவும், மணமக்களுக்காகவும், மாண்டவர்களுக்காகவும் முழங்கியது. சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கூத்துக்கு ஓர் அடி என்று தாளங்கள் வேறுபடும். அடுத்த மலையிலே கேட்கும் அடியைக் கொண்டே அங்கு நடப்பது நல்லதோ கெட்டதோ என்று கூறிவிடுவர் அனுபவம் மிக்க முதியோர்.

இந்த இரண்டாம் வாழ்க்கையின் உச்சம் மாசி மாதத்துக் காமன் கூத்து. அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றப்படும். முழுநிலா நாளில் சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிக்கப்படுவான். பின்னர் ரதியின் வேண்டுதலால் மீண்டும் எழுவான். ஆண்களே பெரும்பாலும் ரதி வேடமும் புனைந்து ஆடுவர். தப்பும் உறுமியும் முழங்க, மதனும் ரதியும் லயம் லயமாகச் சென்று ஆடுவர். இதற்கு மேடையில்லை, திரையில்லை, நுழைவுச் சீட்டுமில்லை. வாசலே அரங்கு. பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடுபவன் எவன், பார்வையாளன் எவன் என்று பிரித்தறிவதும் எளிதன்று. எரிப்பு நடைபெறும் இரவில் அயல் தோட்டத்துச் செட்டு எப்படி அடிக்கின்றது என்று அறிவதற்காகவே மலைப்பாதையில் மைல் கணக்கில் நடந்து செல்லும் இளைஞர் உண்டு. எந்தத் தோட்டத்து அடி விறைப்பானது, எந்தத் தோட்டத்து அடி குழைவானது என்பது பற்றி மறுநாள் கொழுந்து மலையிலும் வாதம் தொடரும். இக்கட்டுரையாளனும் அவ்வகை ரசிகருள் ஒருவன்.

இக்காலத்து மாணவர்கள் பங்க் ராக் என்னும் மேனாட்டு இசையை அறிந்திருக்கக்கூடும். 1974இல் நியூயோர்க்கில் தோன்றிய ரமோன்ஸ், 1976இல் இலண்டனில் தோன்றிய கிளாஷ் போன்ற குழுவினர் அதனை உலகறியச் செய்தனர். நீண்ட பயிற்சியோ விலையுயர்ந்த கருவிகளோ வேண்டா. மூன்று சுரக்கூட்டுகளும் சொல்லத் துணிந்த ஒரு செய்தியும் போதும் என்பதே அவர்களது கொள்கை. மார்க் பெரி என்ற வங்கி எழுத்தர் அவ்விசையில் மயங்கி, 1976இல் தாமே எழுதி நகலெடுத்து ஒரு சிற்றிதழை வெளியிட்டார். பாடுபவனுக்கும் கேட்பவனுக்கும் இடையே இருந்த மதில் அங்கே இடிந்தது.

இதனைக் கேட்டு வியப்புறும் நம்மவர், அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்னரே நம் மலைகளில் நடந்ததையும் அறிதல் வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், தோட்டத் தொழிலாளரின் துயரங்களையும் உரிமைகளையும் மக்களுக்குத் தெரிந்த மெட்டுக்களில் அமைத்து, கூட்டங்களிலே தாமே பாடினார். அப்பாடல்கள் 1940இல் சிறு நூலாகவும் வெளிவந்தன. அதே 1940இல் பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸ தோட்டத்தில் பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நிகழ்ந்தது. ஏட்டையும் கருவியையும் விலைகொடுத்து வாங்க இயலாத மக்கள், தொண்டையையும் தோலையும் கொண்டே தம் குரலை உயர்த்தினர். பாதுகாப்பான சபைகளில் பிறக்கும் இசை வேறு, இது வேறு.

ஆயினும் இங்கே ஒரு கசப்பான உண்மையையும் கூறாமல் விடலாகாது. மேனாட்டிலே பங்க் இசைஞனை அவனுடைய ரசிகன் தோளோடு தோள் சேர்த்துக் கொண்டாடினான். நாமோ தப்பைக் கொண்டாடினோம், தப்படிப்பவனைத் தள்ளி வைத்தோம். தப்படிப்பது ஒரு சாதியாருக்கே உரிய வேலை என்று விதித்து, அவரைத் தாழ்ந்தவர் என்றும் முத்திரை குத்தினோம். ஒரே லயம், ஒரே கூலி, ஒரே அட்டைக்கடி என்று வாழ்ந்தவர்களுக்குள்ளும் இந்தப் பேதம் நின்றது. இரவெல்லாம் ஒருவருடைய தாளத்துக்கு ஆடிவிட்டு, காலையில் அவருக்குத் தனிக் குவளையில் தேநீர் ஊற்றினால் அதனை ரசனை என்று அழைக்கலாமா? தப்படிக்கும் தந்தை தம் மகன் அதனைத் தொடவேண்டாம் என்று விரும்புவாராயின், அது கலை மீது கொண்ட வெறுப்பன்று. நாம் அக்கலை மீது பூசிய இழிவின் மீது கொண்ட வெறுப்பேயாகும். ஒரு கலை அழிவதற்குப் புதுமை மட்டும் காரணமன்று; பழைய அவமதிப்பும் காரணம்.

அக்கலையைத் தாங்கிய மக்களும் சிதறடிக்கப்பட்டனர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகுத்தது. தப்படித்தவர் கப்பலேறினார், உடன் பாடியவர் இங்கே தங்கினார். பின்னர் 2014 அக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. லயம் அழிந்தால் வாசல் அழியும். வாசல் அழிந்தால் கூத்துக்கு இடமேது? வேலை தேடி நகரங்களுக்குச் செல்லும் இளைஞரும் மாசி மாதத்தில் விடுமுறை கிடைத்தாலன்றித் திரும்புவதில்லை.

ஆயினும் நம்பிக்கை இழப்பதற்கில்லை. பள்ளி விழாக்களிலும் நாடக மேடைகளிலும் தப்பு ஏறத் தொடங்கியுள்ளது. தமிழகத்திலே பெண்களும் பறையைக் கையிலெடுத்து முழக்குகின்றனர். 2025இல் இந்திய அரசு மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஒரு காலத்தில் ஊரின் ஓரத்தில் நிறுத்தப்பட்ட கருவி நாட்டின் அவைக்கு வந்துவிட்டது. ஆனால் விருதொன்று செய்ய முடியாத பணியை ரசிகன் செய்யலாம்.

ஆகவே, மாசி மாதத்தில் ஊவாவுக்கு வருவீர்களாயின், அருவியையும் பாலத்தையும் கண்ட பின்னர் ஓர் இரவையேனும் தோட்டத்தில் கழியுங்கள். தீயருகே நின்று தப்பு காய்வதைப் பாருங்கள். அடிப்பவரை "அண்ணே" என்றோ "ஐயா" என்றோ அழைத்து, இந்த அடிக்குப் பெயர் என்ன, யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். அவருக்குரிய ஊதியத்தைப் பிச்சைபோல் எறியாது இரு கைகளாலும் கொடுங்கள். அவர் பருகும் குவளையிலேயே நீங்களும் தேநீர் அருந்துங்கள். மாணவர்களாயின், அந்த அடிகளைப் பதிவு செய்து, கலைஞரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் உடன் குறித்து வையுங்கள். தோலைச் சூடாக்கச் சருகுத் தீ போதும். அதனை முழக்கும் கை சோராதிருக்க வேண்டுமாயின் அதற்கு நம் மதிப்பு வேண்டும்.