ஒரே ஒரு 'ஆ'!

1996-ல் எனக்குப் பெங்களூரில் வேலை. மத்தியானம் ஒரு மணி ஆனால் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் ஒரே கேள்விதான் காதில் விழும். மைசூர்க்காரர் 'ஊட்டா ஆய்த்தா?' என்பார். நெல்லூர்க்காரர் 'தின்னாவா?' என்பார். (முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் 'தின்னாயா' என்று கேட்டால் கைகலப்பு நிச்சயம். தெலுங்கில் சிநேகிதர்களுக்குள் அது சர்வ சாதாரணம் என்று பிறகுதான் தெரிந்தது.) கோட்டயத்துக்காரர் 'ஊணு கழிச்சோ?' என்பார். நான் என் பங்குக்கு, 'சாப்ட்டாச்சா?'

நாலு பேர், நாலு பாஷை, கேள்வி ஒன்று. கொஞ்சம் கவனித்தால் மூன்று பேர் 'ஆ' என்று வாயைத் திறந்து முடிக்கிறோம். கோட்டயம் மட்டும் வாயைக் குவித்து 'ஓ'!

இந்த 'ஓ' என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. நமக்கு 'ஓ' என்றால் சந்தேகம். 'வந்தானோ, வரலையோ...' என்று இழுப்போமே, அது. மலையாளத்தில் அதுதான் சாதாரணக் கேள்வி. மனுஷர் தினமும் 'கழிச்சோ?' என்று கேட்கும்போது, நான் சாப்பிட்டதில் இவருக்கு என்ன சந்தேகம் என்று தோன்றும்.

ஒருநாள் உற்சாகமாக அவரிடம், "என் அக்காவுக்குக் குழந்தை பொறந்திருக்கு சார்" என்றேன்.

"ஆணோ?" என்றார்.

"இல்லை சார், பொண்ணு" என்றேன்.

அவர் முழித்தார். நான் முழித்தேன். மலையாளத்தில் 'ஆணோ' என்றால் 'அப்படியா' என்று அர்த்தமாம்!

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. பள்ளிக்கூடத்தில் படித்து (பரீட்சை முடிந்த அன்றே) மறந்த நன்னூலைத் தேடிப் பிடித்துப் புரட்டினேன். வினா எழுத்துக்கள் ஐந்து என்கிறார் பவணந்தி முனிவர். எ, யா இரண்டும் சொல்லின் முதலில் வரும். ஆ, ஓ இரண்டும் கடைசியில். ஏ மட்டும் இரண்டு பக்கமும். கேள்வியையும் ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். பதில் தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. மேனேஜர் நம் பேப்பரைத் தூக்கிப் பிடித்து 'இதுதான் ரிப்போர்ட்டா?' என்பாரே, சாட்சாத் அதுதான். 'படிச்சியா?' என்று அப்பா கேட்டால் அது கேள்வியே இல்லை, 'போய்ப் படிடா' என்ற உத்தரவு. அதற்குப் பெயர் ஏவல் வினா.

ஆனால் 'ஆ'வின் நிஜமான சாமர்த்தியம் அது உட்காருகிற இடத்தில் இருக்கிறது. 'முருகன் நேற்று ஆபீசுக்கு வந்தான்' என்று ஒரு வாக்கியம். இதில் 'ஆ'வை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம்.

'முருகன் நேற்று ஆபீசுக்கு வந்தானா?' என்றால் வெறும் விசாரணை.

'முருகன் நேற்றா ஆபீசுக்கு வந்தான்?' என்றால் வந்தது தெரியும், கிழமையில்தான் தகராறு.

'முருகன் நேற்று ஆபீசுக்கா வந்தான்?' என்றால் மேட்னி ஷோவில் யாரோ பார்த்துவிட்டார்கள்.

'முருகனா நேற்று ஆபீசுக்கு வந்தான்?' என்றால் ஆபீசே மயக்கம் போட்டு விழுந்துவிட்டது.

வார்த்தைகள் அதேதான். நகர்ந்தது ஒரு 'ஆ'. எந்தச் சொல்லில் அது ஒட்டுகிறதோ, அந்தச் சொல் கூண்டில் ஏறி நிற்கிறது. மிச்சமெல்லாம் நிரூபணமான விஷயம் ஆகிவிடுகிறது.

இங்கிலீஷ்காரனுக்கு இந்த வசதி கிடையாது. 'டிட் முருகன் கம்?' என்று வாக்கியத்தையே புரட்டிப் போட வேண்டும். யாரைக் கேட்கிறோம் என்று காட்ட அந்த வார்த்தையில் குரலை அழுத்த வேண்டும். இந்திக்காரர் பெரும்பாலும் 'க்யா' என்று முன்னாடியே மணி அடித்துவிடுவார். ஜப்பான்காரர் வாக்கியக் கடைசியில் ஒரு 'கா' வைப்பார். அது இருப்பதால் அவர்கள் பழைய எழுத்துமுறையில் கேள்விக்குறியே தேவைப்படவில்லை. நமக்கும் கேள்விக்குறி ஐரோப்பாவிலிருந்து வந்த விருந்தாளிதான். ஓலைச்சுவடியில் அந்தக் கொக்கி ஏது? 'ஆ' இருக்கும்போது கொக்கி எதற்கு?

சரி, நம்மைப் போல நகர்த்தி விளையாடுகிறவர்கள் வேறு யாராவது உண்டா என்று தேடினால், எங்கேயோ பனியில் இருக்கிற பின்லாந்துக்காரர்கள் கை தூக்குகிறார்கள். அவர்களுக்கு 'கோ'. 'துலேத்கோ?' என்றால் 'வருகிறாயா?' 'ஹுவோமென்னா' என்றால் நாளைக்கு. 'ஹுவோமென்னாகோ?' என்றால் 'நாளைக்கா?' என்ன ஒரு வித்தியாசம், அவர்கள் 'கோ' ஒட்டிய சொல்லை வாக்கியத்தின் முதலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். துருக்கியில் 'மி'. 'அலி கெல்தி மி?' என்றால் 'அலி வந்தானா?' 'அலி மி கெல்தி?' என்றால் 'அலியா வந்தான்?' அச்சு அசல் நம் கதை! பழைய லத்தீனில் 'நெ' என்று ஒன்று. வழக்கமாக முதல் சொல்லின் வாலில் ஒட்டும். ரோமானியர்கள் இன்னும் ஒரு படி மேலே. 'ஆமாம்' என்ற பதிலை எதிர்பார்த்தால் 'நோன்னே' போட்டுக் கேட்பார்கள். 'இல்லை' என்பதை எதிர்பார்த்தால் 'நும்'. பதிலை மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிற நேர்மை!

நமக்கு அந்த நேர்மை கிடையாது. 'ஆ'வைத் தள்ளி வைத்துவிட்டு, 'நான் சும்மாதானே கேட்டேன்' என்போம். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

அப்போது நாங்கள் மூன்று பேர் ஒரே ரூமில் இருந்தோம். வாடகைப் பங்கையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைப்பது வழக்கம். ஒரு மாசம் ஒண்ணாம் தேதி எண்ணினால் 200 ரூபாய் குறைகிறது. மறுபடி எண்ணினேன். மறுபடியும் 200 குறைந்தது. மூன்றாவது ஆள் ஊருக்குப் போயிருந்தான். ரூமில் இருந்தது நானும் தஞ்சாவூர்க்காரன் ஒருத்தனும். அவனுக்கு அந்த மாசம் சம்பளம் தள்ளிப்போயிருந்தது. டீக்கடையில் கடன் வைத்திருந்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்:

"நீயா எடுத்தே?"

'நீ எடுத்தியா?' என்று கேட்டிருக்கலாம். 'இல்லைடா, ஏன்?' என்று சொல்லியிருப்பான். இரண்டு பேருமாக உட்கார்ந்து தேடியிருப்போம். நான் 'ஆ'வை 'எடுத்தே'யில் வைக்கவில்லை, 'நீ'யில் வைத்தேன். திருட்டு நடந்தாகிவிட்டது, ஆள்தான் பாக்கி என்று அர்த்தம்.

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். என்னைப் பார்த்தான். "ஆமாம்னா என்ன செய்வே, இல்லேன்னா என்ன செய்வே?" என்றான். நான் அந்தப் பிரசித்தி பெற்ற பதிலைச் சொன்னேன், "சும்மாதாண்டா கேட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ரூமுக்குப் போய்விட்டான். போகும்போது அந்த மாச வாடகைப் பங்கைச் சில்லறை பாக்கி இல்லாமல் டப்பாவில் போட்டுவிட்டுப் போனான்.

பத்து நாள் கழித்து மாடியில் வீட்டுக்காரம்மா, "தண்ணி லாரிக்கு நீங்க கொடுத்த 200 போக, இன்னும் 50 பாக்கி இருக்கு" என்றார். விடியற்காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டியபோது தூக்கக் கலக்கத்தில் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்த மகானுபாவன்... வேறு யார்?

அவனுடைய ஆபீசுக்குப் போன் செய்தேன். வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். லெட்டர் எழுத உட்கார்ந்து இரண்டு தடவை கிழித்தேன். பிறகு கல்யாணம், டிரான்ஸ்பர், குழந்தைகள்... விட்டுப்போச்சு.

போன வருஷம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்து நிற்கிறேன். யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டார்கள். திரும்பினால் அவன்! தலை நரைத்து, தொந்தி வைத்து, ஆனால் அதே கண். நான் இத்தனை வருஷமாக மனசுக்குள் எழுதிக் கிழித்த லெட்டர் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

அவன்தான் முதலில் பேசினான். முகமெல்லாம் சிரிப்பாக:

"டேய்... நீயா?"

"நான்தாண்டா" என்றேன். "அந்த 200 ரூபாயும் நான்தாண்டா."