காருக்குக் கிளட்ச் வாங்கிய கதை

"ஊறுகாயும் கைவைத்தியமும் வருகிற பக்கத்தில் கார் சமாசாரம் எதற்கு?" என்று கேட்பீர்கள். காரை ஓட்டுகிறவள் நான். காலையில் பிள்ளைகள் இருவரையும் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் விடுவது, மாதம் இருமுறை அத்தையை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போய் வருவது எல்லாம் நான்தான். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அப்படியிருக்க, என் காலுக்கடியில் இருக்கும் சாமானை நான் தேர்ந்தெடுக்காமல் யார் தேர்ந்தெடுப்பது?

எங்களுடையது டர்போ வைத்த டீசல் கார். 90,000 கிலோமீட்டர் தாண்டியதும் கோளாறு தலைகாட்டியது. ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் கூடும், வண்டி அசமந்தமாகவே போகும். கூடவே தீய்ந்த வாடை வேறு.

"கிளட்ச் வழுக்குது மைனி" என்றான் கொழுந்தன். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை, சரியாகத்தான் சொன்னான். ஆனால் போன வருஷம் இன்ஜின் கம்ப்யூட்டரில் எதையோ மாற்றி எழுதவைத்து, இழுவையைக் கூட்டியவனும் அவனேதான்!

தையல் மெஷின் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இந்தக் கிளட்ச் விஷயம் சுலபமாகப் புரியும். பாபினில் நூல் சுற்றும்போது மேல் சக்கரத்தின் நடுத்திருகைத் தளர்த்துகிறோம் அல்லவா? சக்கரம் சுற்றும், ஊசி சும்மா நிற்கும். திருகை இறுக்கினால் ஊசியும் ஓடும். அந்தத் திருகின் வேலையைத்தான் காரில் கிளட்ச் செய்கிறது. காலால் மிதிக்கும் கீழ்ச்சக்கரம் கனமாக இருப்பதால், நம் மிதி விட்டுவிட்டு விழுந்தாலும் தையல் சீராக ஓடுகிறது. அதுதான் ஃப்ளைவீல். டீசல் இன்ஜின் உள்ளே வெடித்து வெடித்து ஓடுவது. அந்த நடுக்கத்தை வாங்கிக்கொள்ள, சில கார்களில் ஃப்ளைவீலையே இரண்டு தட்டாகச் செய்து, நடுவில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். எங்கள் காரிலும் அந்த இரட்டைத் தட்டுதான்.

டர்போ என்பது வெளியே போகும் புகையின் வேகத்தில் சுழலும் சிறு விசிறி. அது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும். நிமிஷத்துக்கு 1,800, 2,000 சுற்று வந்ததும் திடுமென்று ஓர் இழுவை வரும் பாருங்கள், அந்த நேரத்தில்தான் தேய்ந்த கிளட்ச் பிடி விட்டுவிடும். நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். ஆளில்லாத சமதள ரோட்டில் நாலாவது கியரில் மெதுவாகப் போய், ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதியுங்கள். சுற்று காட்டும் முள் மட்டும் துள்ளி, வேக முள் சோம்பினால் கிளட்ச் போயிற்று என்று அர்த்தம்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) ரேஸ் கிளட்ச் போடச் சொன்னார்கள். முழு வட்டத் தகடு கிடையாது. பீங்கான் கலந்த ஆறு துண்டுகள். கூடவே லேசான ஒற்றை ஃப்ளைவீல். கொழுந்தனுக்கு ஒரே குதூகலம். நான், "இது போட்ட வண்டி இருந்தா ஒருக்க ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டேன். நல்லவேளை, ஒன்று நின்றது.

அம்மாடி! பெடலை அழுத்தவே இடது தொடை நடுங்கியது. விட்டால் ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளல். மெதுவாக விட்டால் இன்ஜின் அணைந்துவிடுகிறது. நியூட்ரலில் நின்றாலோ தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற சத்தம். எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடது முழங்காலில் வலி உண்டு. ஒருநாள் வண்ணார்பேட்டை வழியாக, 1843-ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போய் வருவதற்குள் எத்தனை தடவை கிளட்சை மிதிக்கிறேன் என்று எண்ணினேன். 140-க்கு மேல் எண்ண முடியவில்லை.

துபாய்க்குப் போன் செய்தால், "தம்பி சொல்றதையே போட்டுடேன்" என்கிறார்.

"அப்ப நீங்க வந்து மிதிங்க" என்றேன். அதற்குமேல் பேச்சில்லை.

பிறகு அம்பை ரோட்டில் வயதான மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரிடம் போனோம். "யம்மா, நீங்க ரேசுக்கா போறிய? பிள்ளையளக் கொண்டு விடத்தான போறிய?" என்று சிரித்தார். சாதாரண முழு வட்டத் தகடே போதும், அதை அழுத்தும் பிரஷர் பிளேட் மட்டும் ஒரு சுற்று வலுவாக இருக்கட்டும் என்றார். இரட்டைத் தட்டு ஃப்ளைவீலைக் கையால் திருகிக் காட்டினார். ஆட்டம் அளவுக்கு மேல் இருந்தது.

"ஒத்தத் தட்டு போட்டா காசு மிச்சம். ஆனா நடுக்கம் பூரா கியர்பாக்ஸுக்குப் போயிரும். வீட்டு வண்டிக்கு அது வேண்டாம்" என்றார்.

பிறகு கொழுந்தனைப் பார்த்துக் கண்டிப்பாகவே சொன்னார்: "தம்பி, கீழ்ச்சுத்துல கூட்டின இழுவயக் கொறச்சிருங்க. அதுதான் இந்த ஸ்பிரிங்க ஒடைக்குது. மேல்சுத்துல இருந்துட்டுப் போவட்டும்." இதை நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா? மறுவாரமே கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் குறைத்து எழுதி வந்தான்.

செலவு அரைப் பவுன் வாங்குகிற பணம். சீட்டுக் காசு கைகொடுத்தது. கியர்பாக்ஸை இறக்கத்தான் கூலி அதிகம் என்பதால், ரிலீஸ் பேரிங்கையும் இன்ஜின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே மாற்றிக்கொண்டோம். சீல் ஒழுகினால் புதுத் தகடும் எண்ணெய் பட்டுக் கெட்டுவிடுமாம். சாமான் வாங்கும்போது பில் கேளுங்கள், பெட்டி பிரிபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிளட்சிலும் போலி உண்டு.

புதுக் கிளட்ச் பழைய பெடலைவிடச் சற்றே கனம், அவ்வளவுதான். ஸீட்டை முன்னால் தள்ளிக்கொண்டேன். கிளட்சை முழுக்க அழுத்தினாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கியர் மாற்றாத நேரம் காலைப் பெடலிலிருந்து எடுத்து, தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் நின்றால் அரைக் கிளட்சில் தாங்கி நிற்காமல் ஹேண்ட்பிரேக் போட்டுக்கொள்வது, தகட்டுக்கும் முழங்காலுக்கும் நல்லது. இன்னொன்று: 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரித் தண்ணீரில் நின்ற வண்டியை நாள்கணக்கில் அப்படியே விட்டால், தகடு துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும்.

முதல் 800 கிலோமீட்டருக்கு முரட்டு இழுவை கூடாது, மலை ஏறக் கூடாது என்பது அண்ணாச்சி உத்தரவு. அதனால் காரையாறு போகவேண்டும் என்று பிள்ளைகள் நச்சரிப்பதைத் தள்ளிப்போட்டு வருகிறேன். இன்றோடு 610 ஆகியிருக்கிறது.