நடு இடம்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பேச்சு எப்போதும் எஞ்சினைச் சுற்றியே இருக்கும். எத்தனை குதிரை சக்தி, லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்றுதான் கேட்பார்கள். கியர்பாக்ஸைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சம்பாதிக்கிறவனை ஊரே அறியும். அதைக் கட்டும் செட்டுமாகச் செலவழித்துக் குடும்பத்தை ஓட்டுகிறவளை யார் விசாரிக்கிறார்கள்? நானும் 1996-ஆம் வருஷம் வரையில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாகத்தான் இருந்தேன்.

என் தகப்பனார் கும்பகோணத்தில் டாக்டர். 1974-ல் வாங்கிய அம்பாஸிடரில்தான் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் போய் வருவார். அந்த வண்டியில் கியர்க் கம்பி ஸ்டீயரிங்குக்கு இடப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே ஒன்றும் இடிக்காது. ஆகையால் பெஞ்சு மாதிரியான முன் ஸீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். இரவில் ஆள் வந்து கூப்பிட்டால், பேச்சுத் துணைக்கென்று என்னையும் ஏற்றிக்கொள்வார். ஜன்னலோரம் கம்பவுண்டர், நடுவில் நான். துணைக்குப் போன நான்தான் முதலில் அவர் தோளில் சாய்ந்து தூங்குவேன். இருபது வருஷம் கழித்து அந்த நடு இடம் என் பெண்ணுக்குச் சொந்தமாயிற்று. தாத்தா பக்கத்தில் வேறு யாரையும் உட்கார விடமாட்டாள்.

அப்படியிருக்க, 1996-ல் எஞ்சின் படுத்துவிட்டது. மூன்று தடவை ரீபோர் செய்த சிலிண்டர்களில் இனிச் சுரண்டுவதற்கு ஒன்றுமில்லை. திருச்சியில் எங்களுக்குப் பழக்கமான பட்டறைக்காரர் ஒரு யோசனை சொன்னார். விபத்தில் நொறுங்கிய காண்டஸ்ஸா வண்டி ஒன்றின் இஸுஸு எஞ்சின் அவரிடம் இருந்தது, 1817 சி.சி. எங்கள் பழைய 1489 சி.சி. எஞ்சினின் சக்தி சுமார் ஐம்பது குதிரை என்றால், இது எண்பதையும் தாண்டும்.

அப்பா உடனே சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"எஞ்சினை மாற்றுப்பா. கியர்பாக்ஸ் மட்டும் பழையதே இருக்கட்டும். கை பழகிவிட்டது."

கை பழகியது உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். இஸுஸு கியர்பாக்ஸின் கம்பி தரையிலிருந்து எழும்பும். எழும்பினால் நடு இடம் போய்விடும்.

பட்டறைக்காரர் மறுத்துப் பேசவில்லை. கோணிச் சாக்கை விரித்து, இரண்டு கியர்பாக்ஸ்களையும் அருகருகே வைத்துப் பாடம் நடத்தினார்.

"பாருங்க டாக்டர் சார். எஞ்சின் பின்புறத்து போல்ட் துவாரமும் பழைய பெல் ஹவுஸிங் துவாரமும் ஒன்றுக்கொன்று சேராது. நடுவிலே ஒரு இரும்புத் தகடு கடைந்து போடலாம். ஆனால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டின் மையத்துக்கு நேராக நிற்கணும். மயிரிழை விலகினாலும் பேரிங்கும் கிளட்சும் நாசம். தகட்டின் கனத்துக்கு கியர்பாக்ஸ் பின்னால் தள்ளிப் போகுமே! அப்புறம் ஷாஃப்டின் நுனி கிராங்க் முனையில் இருக்கிற புஷ்ஷுக்கு எட்டாது. ஷாஃப்டிலே இருக்கிற பல்லுக்கு இந்தக் கிளட்ச் பிளேட் சேராது. எல்லாவற்றையும் சேர்த்தே கட்டிவிட்டோம் என்று வையுங்கள், ஐம்பது குதிரைக்குச் செய்த பல் சக்கரம் எண்பதைத் தாங்குமா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஜீப் கியர்பாக்ஸ் போட்டால் என்ன? அது ரொம்ப வலுவாயிற்றே!" என்றேன்.

அவர் சிரித்தார். "வலு மட்டும் போதுமா சார்? பழைய ஜீப் பாக்ஸில் கியர் மூன்றுதான். அதன் முதுகிலே டிரான்ஸ்பர் கேஸ் வேறு உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டு நம் புரொப்பல்லர் ஷாஃப்டை மாட்டுவது பெரிய வேலை. இஸுஸுவோடு பிறந்த பாக்ஸ் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு? இதற்கு ஐந்து கியர். உங்கள் பின் ஆக்ஸில் வலுக் குறைந்த எஞ்சினுக்காகப் பல் வைத்தது. நாலாவதோடு நின்றால் வேகத்திலே எஞ்சின் கத்தும். ஐந்தாவதில் எஞ்சினைக் காட்டிலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் வேகமாய்ச் சுற்றும். அந்தக் கத்தல் அடங்கிவிடும்."

"இதைப் போட்டால் வேலையே இல்லையா?" என்று கேட்டார் அப்பா.

"ஏன் இல்லை? தரையை வெட்டணும். அடியிலே தாங்கு கட்டை மாற்றணும். புரொப்பல்லர் ஷாஃப்டை அளவுக்கு வெட்டி பாலன்ஸ் பார்க்கணும். அதன் இரண்டு முனைக்கும் சாய்வு ஒத்துப் போகாவிட்டால் வண்டி நடுங்கும். ஸ்பீடாமீட்டர் கேபிளும் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் வெளிக் காரியம், சார், அளந்து செய்துவிடலாம். உள்ளே பொருந்தாததை ஒட்டுப் போட்டால், அது நடு வழியிலேதான் தெரியும். கம்பெனியே இப்போது இதே ஜோடியை வைத்து அம்பாஸிடர் விற்கிறான்."

"அந்தக் கம்பெனிக்காரனுக்குப் பேத்தி கிடையாதோ?" என்றார் அப்பா.

பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பழைய கியர்பாக்ஸின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். பிறகு, தமக்குத் தாமே பேசிக்கொள்கிறவர்போல, "பொருத்தம் பார்க்காமல் ஒருத்தருக்கும் நான் ரத்தம் ஏற்றினதில்லை" என்றார். "அதனோடு வந்ததையே போட்டுவிடு, அப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாக அனுமதி பெற்று, பதிவுப் புத்தகத்தில் புது எஞ்சின் எண்ணை ஏற்றி வாங்குவதற்குள் எனக்கு இரண்டு ஜோடி செருப்புத் தேய்ந்தது. ஒரு வழியாக வண்டி வீடு வந்து சேர்ந்தது. முன்னால் தனித்தனி ஸீட்டுகள். நடுவே குமிழ் வைத்த கம்பி. என் பெண் அதைக் கண்டதும் ஒரு வார்த்தை பேசாமல் பின் ஸீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அப்பாவின் இடக்கை ஒரு மாதம் ஸ்டீயரிங்குக்கு அடியில் வெறும் காற்றைத் துழாவியது. வண்டி என்னவோ, அவர் ஓட்டிய காலம்வரை ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை.

பார்க்க வருகிறவர்கள் பானெட்டைத் திறக்கச் சொல்லி, "எஞ்சின் எவ்வளவு ஆயிற்று, டாக்டர்?" என்று கேட்பார்கள். அப்பா விலையைச் சொல்வார். பிறகு பின் ஸீட்டில் இருக்கும் பேத்தியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸுக்குத்தான் அதைவிட அதிகம் கொடுத்தேன்" என்பார்.