எத்தனை நாளா?

கடலையின் கூண்டில் ரத்தத்தை முதலில் பார்த்தது நான் இல்லை, அம்மா.

திருவாரூரிலிருந்து என் சென்னை வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. "எலியப் போய்க் காசு குடுத்து வாங்குவாங்களாடி?" என்று வந்த அன்றே முகம் சுளித்தவள், அன்று காலை கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள். "இங்க வந்து பாரு. ரத்தம் பட்டிருக்கு."

மரத்தூளில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறை. "இதுக்கும் மாசா மாசம் வருமோ?" என்றாள்.

வராது. ஹாம்ஸ்டர்களுக்கு நம்மைப் போல மாதவிடாய் கிடையாது. பெண் ஹாம்ஸ்டருக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை சுழற்சி. அப்போது பிசுபிசுப்பாக வெள்ளை படும். அது இயல்பு. ரத்தம் இயல்பில்லை.

நகம், பல், பாதம் எல்லாம் பார்த்தேன். காயமே இல்லை. மரத்தூளை அள்ளிவிட்டு வெள்ளை டிஷ்யூ விரித்தேன். மறுநாள் காலை அதில் மூன்று இளஞ்சிவப்பு வட்டங்கள். சிறுநீரோடு வருகிறதா, கர்ப்பப்பையிலிருந்தா, தெரியவில்லை.

எனக்குப் பல்வலி வந்தபோது வாங்கிய அமாக்ஸிசிலின் மிச்சம் இருந்தது. கேப்சூலைப் பிரித்து ஒரு சிட்டிகை கரைத்துக் கொடுக்கலாமா என்று கையில் எடுத்தும்விட்டேன். இரண்டு கிளினிக்கில் "நாய், பூனை மட்டும்தான்" என்றார்கள். மூன்றாவதாகப் பேசிய மருத்துவர்தான் பதறினார். "அதக் குடுத்துடாதீங்க!" பென்சிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிடும், கெட்டவை பெருகி உயிரே போய்விடும்.

அவருடைய தராசில் கடலை 112 கிராம். அந்த உடம்பில் மொத்தமே 8, 9 மில்லி ரத்தம்தான் இருக்கும். இரண்டு தேக்கரண்டி நிறையாது.

"எத்தனை நாளா?" என்றார்.

"நேத்துதான் பார்த்தோம்."

"நீங்க பார்த்தது நேத்து. அதுக்கு எத்தனை நாளா இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. பிறருக்கு இரையாகிற பிராணி வலியைக் காட்டாது. காட்டினால் முதலில் பிடிபடுவது அதுதான். நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, ராத்திரி வழக்கம்போல் சக்கரம் சுற்றும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

கர்ப்பப்பையில் தொற்றாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம் என்றார். அறுவை சிகிச்சை செய்யலாம். ஆனால் கடலைக்கு இரண்டு வயது நெருங்குகிறது. மயக்க மருந்தைத் தாங்குமா என்பது சந்தேகம். வேண்டாம் என்று நான்தான் முடிவெடுத்தேன். வேறு வகை ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து, இரண்டு வேளை.

எலி என்று முகம் சுளித்த அம்மா, முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொள்வாள். நான் சொட்டு விடுவேன். நான்காம் நாள் ராத்திரி, கடலையின் முதுகைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கும் படுதுடி."

அம்மாவுக்கு 58 வயது. மாதவிடாய் நின்று ஆறு வருஷம்.

"எத்தனை நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து."

அப்போது சித்திரை பிறந்திருந்தது. தினமும் போனில் பேசியிருக்கிறோம். "நல்லா இருக்கேன்" என்பாள். பின்னால் மிக்ஸி ஓடும், குக்கர் விசில் அடிக்கும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான், சிலருக்கு அதுவே புற்றுநோயின் முதல் அறிகுறி. ஹாம்ஸ்டரின் சுழற்சி நாள் கணக்கு தெரிந்த எனக்கு இதுவும் தெரியும்.

ஒன்பதாம் நாள் காலை கடலை அசையவில்லை. கன்னப்பையில் இரண்டு சூரியகாந்தி விதைகள் அப்படியே இருந்தன. மாடியில் செம்பருத்தித் தொட்டியில் புதைத்தோம். ஏன் ரத்தம் வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"ஒரு வாரமா..." என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்தாள். முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"நாலு மாசமா டாக்டர்."