சொல்லிவைத்த மேஜை

பசிக்கு முன்கூட்டியே நாள் குறித்து வைக்கிற மனிதர்களைக் கண்டால் எனக்கு நெடுங்காலமாக ஓர் இளக்காரம் உண்டு. கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கலாம், தோசைக்குமா பார்ப்பது? புதுச்சேரியில் பிறந்து புதுச்சேரியிலேயே தலை நரைத்தவன் நான். நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் நுழைந்தால் எந்த நாற்காலி காலியாகிறதோ அதில் உட்காருவேன். எதிரே முன்பின் அறியாதவர் இருந்தால் அவரோடு பேச்சுக் கொடுப்பேன். யான் மார்ட்டெல் என்ற கனடா தேசத்து நாவலாசிரியர் 2001-இல் வெளியிட்ட ‘லைஃப் ஆஃப் பை’ முன்னுரையில், ஒரு கிழவர் அவரை அணுகிக் கதை சொல்லத் தொடங்குவது இந்தக் காபி ஹவுஸில்தான். மேஜையை ரிசர்வ் செய்துகொண்டு தனியே உட்கார்ந்திருந்தால் அந்தக் கிழவர் கிட்டே வந்திருப்பாரா? இப்படியெல்லாம் வாதம் செய்வது என் வழக்கம்.

ஆகவே, 2023 அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து என் அக்கா மகன் டெலிபோன் செய்து, “மாமா, வருஷக் கடைசியில் எல்லோரும் வருகிறோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேஜை சொல்லி வைத்துவிடுங்கள்” என்றபோது நான் சிரித்துவிட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்குப் போய் வந்தவன் அவன். 1971-இல் திறந்த அந்தக் கேளிக்கை உலகத்தில் சாப்பாட்டு மேஜைகளை 60 நாளுக்கு முன்பே பிடித்து வைக்கிறார்கள். பிடித்துவிட்டுச் சொல்லாமல் வராமலிருந்தால் பெரும்பாலான இடங்களில் தலைக்கு 10 டாலர் அபராதம். எலிவேஷம் போட்டவன் மேஜைக்கு மேஜை வந்து கைகுலுக்குகிற காலைப் பலகாரத்துக்காக இவன் விடியுமுன் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்தானாம்.

“அது அமெரிக்கா, அப்பா. இங்கே எனக்கு இடமில்லை என்று சொல்கிற ஹோட்டல்காரன் இன்னும் பிறக்கவில்லை” என்றேன்.

டிசம்பர் 29, வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார்கள். எங்களையும் சேர்த்து ஒன்பது பேர். “மூன்று ராத்திரி அடுப்புப் பக்கம் போக மாட்டேன், எனக்கும் விடுமுறைதான்” என்று என் மனைவி முன்னமே அறிவித்திருந்தாள். குழந்தைகளுக்கோ புதுச்சேரிச் சமையல் வேண்டும். நம் தாளிப்பு வடகத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘வதுவான்’ ஆக்கிச் சீமைக்குக் கொண்டு போன கதையை அவர்களுக்கு நான்தான் சொல்லி நாக்கில் எச்சில் ஊற வைத்திருந்தேன்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

“தம்பி, எட்டு மணிக்கு இலை போட்டுடுவாங்களா?” என்று கேட்டாள்.

“போட்டுடுவாங்க, அக்கா.”

ஏழரைக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடுவதில்லை, நடந்தோம். அங்கே பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகள் பல இப்போது சாப்பாட்டு விடுதிகளாகிவிட்டன. முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு மேஜை இருக்கும். அவையும் இரண்டு பேருக்கு, நான்கு பேருக்கு என்று போட்டவை. ஒன்பது பேர் சேர்ந்து உட்கார மூன்று மேஜை ஒரே சமயத்தில் காலியாக வேண்டும். இந்த எளிய கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. எப்போதும் தனி ஆளாகப் போய் வந்தவன்!

முதல் இடத்தில் ஐம்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். இரண்டாவது இடத்தில், அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். மூன்றாவது இடத்தில் சென்னையும் பெங்களூரும் வாசலில் வரிசையாக நின்றன. மானேஜர் என்னைக் கண்டுகொண்டார். “உங்கள் நாவல் ஒன்று விடாமல் படித்திருக்கிறேன், ஸார். ஆனால் மேஜைக்கு எங்கே போவேன்?” என்று கைகூப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மணி எட்டே முக்கால். அக்கா பேச்சை நிறுத்திவிட்டிருந்தாள். வீதி விளக்கில் பார்த்தேன், நெற்றியெல்லாம் வேர்வை. மார்கழிக் காற்றில் வேர்ப்பானேன்? கையைப் பிடித்தேன். நடுங்கியது.

“தம்பி, கண்ணை இருட்டுது.”

வெள்ளைக்காரத் தெருவில் திண்ணை கிடையாது. ஒரு வீட்டு வாசற்படியில் அவளைச் சாய்த்து உட்கார வைத்தோம். அக்கா மகன் ஓடினான். அவன் பெட்டிக்கடையைத் தேடிப் பிடித்து மாம்பழச் சாறு வாங்கி வருவதற்குள், எனக்கு ஐந்து வயதில் அம்மை போட்டியிருந்தபோது வேப்பிலையால் விசிறிக்கொண்டே இருந்த அக்காவின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. சாறு உள்ளே போய்க் கால்மணி கழித்துத்தான் முகம் தெளிந்தது.

“உன் மேலே தப்பில்லை. சாப்பாடு எதிரே வந்த அப்புறம் நான் ஊசி போட்டுக்கிட்டிருக்கலாம்” என்றாள். அவள் மகன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வாய்க்காலைத் தாண்டி எங்கள் பக்கத்து இட்லிக் கடை ஒன்றில் ஒன்பதரைக்குச் சாப்பிட்டோம்.

இரவெல்லாம் தூக்கமில்லை. யோசித்துப் பார்த்தால், இடம் பிடித்து வைப்பதில் நம்மவர்களுக்கு யார் பாடம் சொல்ல வேண்டும்? பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போடுகிறோம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் கைக்குட்டையை வைத்து, “அத்தை வராங்க” என்கிறோம். மேஜைக்கு மட்டும் கௌரவம் பார்த்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக டெலிபோன் செய்து, அன்றிரவுக்கு ஏழே முக்காலுக்கு மேஜை சொன்னேன். பெயர், எத்தனை பேர் எல்லாம் கேட்டுவிட்டு, கால்மணி நேரம்தான் வைத்திருப்போம் என்றார்கள். அந்தக் கால்மணிக்குப் பயந்து, கடற்கரைக் கறுப்புப் பாறைகளில் அலைக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்த குழந்தைகளைப் பாதி ஆட்டத்தில் இழுத்து வர நேர்ந்தது. இந்த ஏற்பாட்டில் எனக்கு இன்றும் பிடிக்காத பகுதி இதுதான். அன்று பகலில் காபி ஹவுஸுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் மூன்று மேஜைகளில் சிதறி உட்கார்ந்தோம். சின்னவன் யாரோ ஒரு தாத்தாவின் கட்லெட்டில் பாதியைத் தின்றுவிட்டான். பகலுக்கு அப்படி, இரவுக்கு இப்படி என்று அன்று முதல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

31-ஆம் தேதி நாங்கள் கேட்ட இடத்திலெல்லாம் புத்தாண்டு விருந்து. முன்பணம் கட்டியவர்களுக்குத்தான் இடம். மனைவி தன் சபதத்தைத் தளர்த்தி ரசமும் அப்பளமும் செய்தாள்.

பொங்கலுக்கு அக்கா மறுபடி வருகிறாள். நேற்றே டெலிபோன் செய்துவிட்டேன்.

“எத்தனை மணிக்கு ஸார்?” என்றான் எடுத்த பையன்.

“எட்டு மணி. ஏழரைக்கு அக்காவுக்கு ஊசி.”

“என்ன ஸார்?”

“ஒன்றுமில்லை. எட்டு மணி என்று எழுதிக்கொள்.”