தாக்கம், பாதிப்பு, மோதல்

ஒரு படைப்பாளியிடமிருந்து இன்னொரு படைப்பாளி எதையோ பெற்றுக்கொண்டார் என்று சொல்லத் தமிழ் விமர்சனத்தில் புழங்குகிற சொற்கள் இரண்டு: தாக்கம், பாதிப்பு. முன்னது அடி, பின்னது அடிபட்டவனின் நிலை. பலமாக மோதினால் பலமாகப் போய்ச் சேரும் என்கிற நம்பிக்கை இரண்டுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. காரசாரமாக எழுதுவதுதான் விமர்சனம் என்று நம் வட்டத்தில் நிலைத்துவிட்ட வழக்கத்துக்கும் இதே நம்பிக்கைதான் ஆதாரம். உண்மையிலேயே மோதிக்கொண்டிருக்கிற பொருள்களிடம் போய் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இலக்கியத்துக்கு விஞ்ஞானத்திடம் சான்றிதழ் வாங்கும் காரியமல்ல இது. மூலக்கூறுகளுக்கு அபிப்பிராயம் கிடையாது. ஆனால் ஒரு சொல்லை உருவகமாக இரவல் வாங்குகிறவன், அது தன் சொந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நான் படித்தது பி. ஏ. ஆங்கில இலக்கியம். பௌதிகம் எனக்கு வங்கியில் வந்து சேர்ந்தது. கேஷ் கவுண்டரில் இருந்த நண்பர் பி. எஸ்ஸி. பௌதிகம்; என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சிறு பத்திரிகைகளுக்கெல்லாம் சந்தா கட்டி, ஒரு வரி விடாமல் படிப்பார். ஒரு வரிகூட எழுதியதில்லை. மாலையில் பணம் எண்ணி முடித்துப் பெட்டகம் பூட்டிய பிறகு, பழைய செலான்களின் பின்பக்கத்தில் இரண்டு வட்டங்களைப் போட்டு அவற்றுக்கிடையே ஒரு சுருள்கம்பியை வரைவார். அதுதான் நைட்ரஜன் மூலக்கூறு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அது.

இந்த மூலக்கூறு சாதாரண அறை வெப்பத்தில் விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விநாடிக்குச் சுமார் 700 கோடி தடவை மற்ற மூலக்கூறுகளோடு மோதுகிறது. தன் சக்தியை அது மூன்று விதமாக வைத்திருக்க முடியும். ஓடலாம், சுழலலாம், அந்தச் சுருள்கம்பி நீண்டு சுருங்குவதுபோல அதிரலாம். மோதலில் இந்த மூன்றும் ஒரே மாதிரி கைமாறுவதில்லை என்பதுதான் விஷயம்.

ஓட்டம் சுலபமாகக் கைமாறும். கேரம் காய் ஒன்று இன்னொரு காயை நேருக்கு நேர் அடித்தால் அடித்தது நின்றுவிடுகிறது, அடிபட்டது முழு வேகத்தையும் வாங்கிக்கொண்டு போகிறது. ஆனால் அங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு. எடைகள் சமமாக இருக்க வேண்டும். ஹைட்ரஜன் மூலக்கூறு எவ்வளவு ஆவேசமாக வந்தாலும், நின்றுகொண்டிருக்கும் நைட்ரஜனுக்குத் தன் ஓட்டச் சக்தியில் அதிகபட்சம் கால் பங்குதான் தர முடியும். மிச்சத்தோடு அது திரும்பிப் போய்விடும். சுழற்சி கைமாறப் பெரும்பாலான வாயுக்களில் சில மோதல்கள் போதும். ஹைட்ரஜனுக்கு மட்டும் சில நூறு வேண்டும். அதிர்வின் கதை வேறு. அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு நைட்ரஜன், தன் அதிர்வை மற்றொன்றின் ஓட்டமாக மாற்றிக் கொடுக்கக் கோடிக் கணக்கான மோதல்களும் போதாது. அத்தனை இடிகளையும் வாங்கிக்கொண்டு அது பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருக்கும்.

ஏன்? நண்பர் இதற்கு வீணையைச் சொன்னார். தந்தியை விரலால் மெல்ல அழுத்தி மெல்ல விட்டால் அது ஒலிப்பதில்லை. விரல் கூடவே வளைந்து, விரல் கூடவே திரும்பிவிடுகிறது. சட்டென்று சுண்டி விட்டால்தான் நாதம். நைட்ரஜனின் சுருள்கம்பி விநாடிக்குச் சுமார் 70 லட்சம் கோடி தடவை அதிர்கிறது. ஒரு மூலக்கூறு நெருங்கி, அழுத்தி, விலகுவதற்குள் அது பல தடவை அதிர்ந்து முடிந்துவிடும். ஆகவே நமக்கு மூர்க்கமான இடியாகத் தெரிவது அதற்கு ஒரு நிதானமான அழுத்தம். வளைந்து கொடுக்கிறது, நிமிர்ந்துகொள்கிறது. உள்ளே எதுவும் மாறுவதில்லை. லாண்டாவும் டெல்லரும் 1936இல் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள்.

இதற்கு வெகு முன்பே இங்கே ஏதோ முடிச்சு இருக்கிறதென்று தெரிந்திருந்தது. 1860இல் மாக்ஸ்வெல் மோதல்களைக் கொண்டே வாயுக்களின் குணங்களை விளக்கியபோது, வாயு எவ்வளவு வெப்பத்தை உள்வாங்கும் என்பதில் கணக்கும் அளவீடும் ஒத்துப்போகவில்லை. மூலக்கூறின் உள் அசைவுகள் எல்லாம் தங்கள் பங்கைக் கேட்டால் வர வேண்டிய தொகை ஒன்று, கையில் வந்தது வேறொன்று. அதிர்வுக்குச் சக்தி போய்ச் சேர அளவிட முடியாத காலம் பிடிக்கலாம் என்று 1895இல் போல்ட்ஸ்மன் யோசித்தார். கணக்கு உதைத்ததற்கான சரியான விடை அது இல்லை. அதிர்வு சில்லறையாக வாங்கிக்கொள்ளாது, குறிப்பிட்ட ஒரு முழுத் தொகையாகத்தான் வாங்கும் என்கிற குவாண்டம் விடை 1900க்குப் பிறகுதான் வந்தது. அறை வெப்பத்தில் அந்தத் தொகையை வைத்திருக்கிற நைட்ரஜன் ஏறத்தாழ 70,000இல் ஒன்று. ஆனாலும் போல்ட்ஸ்மன் சந்தேகித்த தாமதம் நிஜம். ஒரு கேள்விக்குப் பொருந்தாத விடை இன்னொரு கேள்விக்கு உரியதாக இருந்தது.

அப்படியானால் வேகத்துக்குப் பலனே கிடையாதா என்றால், உண்டு. வெப்பத்தைச் சில ஆயிரம் டிகிரிக்கு ஏற்றினால் மோதல், சுண்டுகிற அளவுக்கு விரைவாகிவிடும், அதிர்வும் கைமாறும். அந்த வெப்பத்தில் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பிளந்து தனி அணுக்களாகவும் தொடங்கிவிடும். நம் பத்திரிகைச் சண்டைகளை நினைத்துக்கொள்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு வழி. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த சி. குமார் படேல் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கரியமில வாயு லேசரை உண்டாக்கினார். இன்று எஃகுத் தகட்டை வெட்டுகிற கருவி அது. அதில் கரியமில வாயுவோடு நைட்ரஜனும் கலந்திருக்கிறது. குழாயில் மின்சாரம் பாயும்போது எலெக்ட்ரான்கள் மோதி நைட்ரஜனை அதிர வைக்கின்றன. நைட்ரஜன் இரண்டு ஒரே மாதிரியான அணுக்களால் ஆனது. அதனால் தன் அதிர்வை ஒளியாக வெளியிட அதற்கு வழியில்லை. மோதலில் இழப்பதும் அபூர்வம். வைத்துக்கொண்டே இருக்கும். கரியமில வாயுவுக்கு உள்ள அதிர்வுகளில் ஒன்று இதோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. விஞ்ஞானிகளின் அளவையில் நைட்ரஜனுடையது 2330, கரியமில வாயுவுடையது 2349. அறை வெப்பமே அதே அளவையில் 200க்கு மேல். இந்தப் பத்தொன்பதை மோதலின் ஓட்டச் சக்தியே ஈடுகட்டிவிடும். கோடிக் கணக்கில் மோதியும் நகராத சக்தி, இங்கே சில நூறு மோதல்களில் ஒன்றில் முழுத் தொகையாக இடம் மாறுகிறது. வாங்கிக்கொண்ட கரியமில வாயு அதை ஒளியாக வெளியிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத, ஆனால் எஃகை அறுக்கிற ஒளி.

ஒத்திசைவு இருந்தும் சில நூறு மோதல்களில் ஒன்றுதான் என்பதை விட்டுவிடக் கூடாது. ஒரு கவிதையைப் பல வருஷங்களாகப் படித்து, ஏதோ ஒரு நாள் ரயில் நிலைய பெஞ்சில் அது சட்டென்று உள்ளே போனதை நம்மில் பலர் அறிவோம். அந்த ஒரு வாசிப்பை மட்டும் 'தாக்கம்' என்று பெயரிட்டுக் கணக்கில் எழுதுகிறோம். உள்ளே போகாத வாசிப்புகள் வீண் அல்ல. அவை இல்லாமல் அந்த ஒன்று இல்லை.

நண்பர் போன தை மாதம் காலமானார். செய்தியைச் சொன்னபோது நம் வட்டத்தில் ஒருவர் கேட்டது, "அவர் என்ன எழுதியிருக்கிறார்?" நான் பதில் சொல்லவில்லை. நம்மிடம் அதற்குச் சொல் இல்லை. எழுதுகிறவன், அவனைத் தாக்கியவன், அவனால் பாதிக்கப்பட்டவன் – நம் இலக்கிய வரலாறு இந்த மூவரைக் கொண்டே எழுதப்படுகிறது. வாங்கியதைச் சிந்தாமல் நெடுங்காலம் வைத்திருந்து, ஏற்கத் தக்கவன் எதிர்ப்பட்டபோது முழுசாகக் கொடுத்துவிட்டு நகர்கிற நாலாமவனுக்கு அதில் இடம் கிடையாது. நான் எழுதிய கட்டுரைகளில் நாலைந்தாவது, கேஷ் கவுண்டரின் கம்பிக்குப் பின்னாலிருந்து, "இதைப் படிச்சீங்களா சார்?" என்று அவர் நீட்டிய பத்திரிகையிலிருந்து கிளம்பியவை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கறாராக எழுதுவதை நான் நிறுத்தப் போவதில்லை. மோசமான புத்தகம் மோசமான புத்தகம்தான். ஆனால் சத்தத்தை வைத்துக் கொடுத்ததை அளக்கிற கணக்கை ஒப்புக்கொள்ள முடியாது. அவர் விட்டுப்போன பத்திரிகைகளை அவருடைய மகள் இரண்டு அட்டைப்பெட்டிகளில் என்னிடம் தந்திருக்கிறாள். ஓரங்களில் பென்சில் கோடுகள் இருக்கின்றன, குறிப்புகள் இல்லை. வேண்டுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.