நாயைப் பத்தி நான் கேட்காத கேள்வி

1/ தங்கச்சி கல்யாணத்துக்காக, அனுமந்தை வீட்டு நாய் மணியை 4 நாள் ஒரு காப்பகத்துல விட்டோம். வெறிநோய் ஊசி போட்டாச்சான்னு மட்டும்தான் கேட்டாங்க. அது போட்டிருந்தேன். வருஷா வருஷம் போட வேண்டிய மத்த தடுப்பூசியை, டியூட்டி டியூட்டின்னு நான்தான் தள்ளிப் போட்டேன்.

2/ திரும்பி வந்த ஒரு வாரத்துல சாப்பாட்டைத் தொடல. வாந்தி. கண்ணு மஞ்சளாச்சு. எலிக்காய்ச்சல் என்றார் கால்நடை மருத்துவர். அடுத்து அவர் கேட்டது: "டாக்டர், மூத்திரத்தை யாரு கழுவுறது?"

அம்மா. வெறுங்கையால. விரலெல்லாம் வெடிப்பு.

3/ லெப்டோஸ்பைரா கிருமி, எலி மட்டுமில்ல, நோயுற்ற நாயோட சிறுநீர்லயும் இருக்கும். புண், வெடிப்பு, கண் வழியா நமக்குள்ள வரும். அறிகுறி தெரிய 2 முதல் 30 நாள் ஆகலாம்.

4/ ஒன்பதாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. காரணம் தெரிஞ்சதால அன்னைக்கே ரத்தப் பரிசோதனை, டாக்சிசைக்ளின். தேறிட்டாங்க. மணிக்குச் சிறுநீரகம் போயிடுச்சு. பிழைக்கல.

5/ காய்ச்சல்னு வர்றவங்ககிட்ட கொசு, தண்ணி, வயல் வேலை எல்லாம் கேட்பேன். நாயைப் பத்திக் கேட்டதே இல்ல. இப்ப கேட்கிறேன்.

உங்க நாய்க்கு உடம்பு சரியில்லாம இருந்து, உங்களுக்கும் காய்ச்சல் வந்தா, டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லிடுங்க. கழுவும்போது கையுறை போடுங்க. காப்பகத்துல விடறதுக்கு முன்னாடி தடுப்பூசி அட்டையை முழுசா பாருங்க.